அமுக்கு, புடி, வுடு

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகம் இல்லை, இடது பாதம். இதைச் சொன்னால் என் வீட்டில் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். அதனால் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். அகலமான பாதம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து நிற்கும். சுண்டுவிரலில் நகம் கிடையாது. காரில் ஏறுவதற்கு முன்னால் வாளியில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு அந்த ஒரு காலை மட்டும் கழுவுவாள். முந்தானையால் ஈரத்தை ஒற்றிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கிளச்சின் மேல் வைப்பாள். வலது கால் திறந்த கதவுக்கு வெளியே தொங்கும். பார்க்கிறவர்கள் யாரோ முதலாளியம்மா காரில் உட்கார்ந்து காற்று வாங்குகிறாள் என்று நினைக்கலாம். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை.

புதுவாயல் கூட்டுரோட்டில், மெட்ராஸிலிருந்து வடக்கே போகிற ஜி.என்.டி. ரோட்டிலிருந்து ஆரணிக்குப் பிரிகிற இடத்தில், அவள் புருஷன் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். மேலே பனையோலை, கீழே ஆள் இறங்கி நிற்க ஒரு பள்ளம், பக்கத்தில் டிரைவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அவரை எல்லாரும் மிஸ்திரி என்போம். அவளைக் கிளச்சக்கா என்போம். முகத்துக்கு நேரே அக்கா என்று மட்டும் கூப்பிடுவோம், ஏனென்றால் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான் அப்போது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். தொழிற்பேட்டைக்காக நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிற இன்ஜினியர்களைக் கொண்டுபோய் முள்காட்டுக்கு நடுவில் இறக்கிவிடுவதும், வெயிலில் சிவந்து போனவர்களைச் சாயந்தரம் ஏற்றிக்கொண்டு வருவதும்தான் என் பிழைப்பு. ஸ்டாண்டில் இருந்த மற்ற வண்டிகளில் கிளச்சுக்குக் கம்பி. மிதித்தால் கம்பி இழுக்கும், அவ்வளவுதான். என் வண்டி செகண்ட் ஹாண்ட் என்றாலும் அதில் எண்ணெய் கிளச். மிதிக்குப் பக்கத்தில் ஒரு சிலிண்டர், கீழே கியர்பாக்ஸ் அருகில் இன்னொரு சிலிண்டர், இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய். மேலே மிதித்தால் எண்ணெய் போய்க் கீழே தள்ளும். எண்ணெய் என்றால் கண்ட எண்ணெயும் இல்லை, பிரேக்குக்கு ஊற்றுகிற அதே ஆயில். இந்தப் பெருமையை ஸ்டாண்டில் நான் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அந்தப் பெருமைதான் காரணம்.

இரண்டு சிலிண்டருக்குள்ளும் கட்டைவிரல் நுனி அளவில் ரப்பர் வாஷர் இருக்கும். அது தேய்ந்தால் எண்ணெய் கசியும். கழற்றி, சிலிண்டரைத் துடைத்து, புது ரப்பர் போட்டு மூட வேண்டும். மூடியபின் குழாய்க்குள் காற்று நின்றுவிடும். அந்தக் காற்றை வெளியேற்றாவிட்டால் கிளச் வேலை செய்யாது. ஏர் எடுப்பது என்பார்கள். இந்த ஏர் எடுக்கிற வேலையைத் தனியாளாகச் செய்ய முடியாது. ஒருவர் மேலே மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே சிலிண்டரில் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும்.

மிஸ்திரி பள்ளத்தில் இறங்குவார். நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதன் மறுமுனையை மருந்து பாட்டிலுக்குள் விடுவார். பிறகு கீழேயிருந்து குரல் வரும்.

"அமுக்கு."

அவள் அமுக்குவாள்.

"புடி."

"புடிச்சிக்கினேன்."

அவர் நிப்பிளைத் திறப்பார். எண்ணெயும் குமிழியுமாகப் பாட்டிலில் இறங்கும். நிப்பிளை மூடுவார்.

"வுடு."

அவள் காலை எடுப்பாள். அவர் மூடுவதற்கு முன்னால் அவள் எடுத்துவிட்டால், போன காற்று அப்படியே திரும்பி உள்ளே ஏறிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பத்து தடவை, பதினைந்து தடவை இப்படிப் போகும். பாட்டிலில் குமிழி நின்றதும் நிப்பிளை மூடிவைத்து ஒருமுறை அமுக்கச் சொல்லி, "எப்டி கீது?" என்று கேட்பார்.

"சேறு" என்றால் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். "வரப்பு" என்றால் வேலை முடிந்தது. அவள் ஆரணிப் பக்கம் நடவு வேலைக்குப் போய் வளர்ந்தவள். சேற்றில் வைத்த கால் கொஞ்சம் உள்ளே போய்த்தான் நிற்கும், வரப்பில் வைத்த கால் வைத்த இடத்தில் நிற்கும். அந்தக் கணக்குத்தான். ஒருதடவை பாட்டிலில் சுத்தமாகக் குமிழியே இல்லை. நான் வேறு அவசரத்தில் இருந்தேன். "போதும்க்கா, வரப்புன்னு சொல்லிடு" என்றேன். "கால் என்னுதா, உன்னுதா?" என்று கேட்டுவிட்டு, "சேறு" என்று கீழே சொன்னாள். அடுத்த தடவை திறந்தபோது, குழாயின் வளைவில் எங்கேயோ ஒளிந்திருந்த ஒரே ஒரு பெரிய குமிழி வந்து பாட்டிலில் புளுக்கென்று வெடித்தது. மிஸ்திரி பள்ளத்திலிருந்து என்னை அண்ணாந்து பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

இந்தக் கால் எடுக்காத குணம் கிளச்சோடு நிற்கவில்லை. அதுதான் விஷயம். அவளுடைய முழு சுபாவமே அதுதான்.

ஒருநாள் "புடி" என்று சொன்ன நேரத்தில் கூட்டுரோட்டில் பெரிய சத்தம். சவுக்குக் கட்டை ஏற்றி வந்த லாரி கயிறு அறுந்து, ரோடு முழுக்கக் கட்டையைக் கொட்டிவிட்டது. மிஸ்திரி பள்ளத்திலிருந்து ஏறி ஓடினார். நாங்களும் ஓடினோம். யாருக்கும் அடி இல்லை. நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லி, டீ குடித்து, அரைமணி கழித்துத் திரும்பி வந்தால், அவள் அமுக்கிய கால் அமுக்கியபடி உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஏம்மே, நிப்பிள மூடிட்டுத்தான போனேன். கால எடுத்திருக்கலாமில்ல?"

"நீ மூடுனது எனக்கு எப்டித் தெரியும்? வுடுன்னு சொன்னியா?"

அவர் பள்ளத்தில் இறங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "வுடு" என்றார். அப்புறம்தான் எடுத்தாள்.

கோயிலிலும் இதே கதைதான். புதுவாயலுக்குக் கொஞ்சம் உள்ளே ஓட்டுக் கட்டடத்தில் ஒரு சின்ன மாதா கோயில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கண்ணை மூடி முழங்காலில் இருக்கிறார்கள். ஜெபத்தின் நடுவில் வெளியே ஆடு ஒன்று பாதிரி ஐயரின் சைக்கிளைத் தள்ளிவிட்டு, ஹாண்டில்பாரில் மாட்டியிருந்த பையை இழுத்துக்கொண்டு போகிறது. அவர் ஜெபத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். சபை முழுக்கக் கண்ணைத் திறந்து ஜன்னலுக்குப் போய்விட்டது. அவர் ஆட்டோடு மல்லுக்கட்டிப் பையை மீட்டு வந்து பார்த்தால், இவள் மட்டும் கண்ணை மூடியபடி முழங்காலில் இருக்கிறாள். அவர் ஆமென் சொல்லவில்லையே. மிஸ்திரியே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும், "அவகிட்ட ஒண்ணு குடுத்து புடின்னு சொன்னா, உலகமே இந்தாண்ட அந்தாண்ட போனாலும் புடிச்சிக்கினுதான் இருப்பா" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கர்வம் இருக்கும்.

எனக்கு அவளிடம் பிரியம் இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது. பழவேற்காட்டு மீன்காரம்மா ஒருத்தி ஸ்டேஷனில் "இத்த கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று கூடையை வைத்துவிட்டுப் போனதற்காக, ஏற வேண்டிய ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயில்வரை ஈக்களோடு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையை இப்படித் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிற ஆள் முன்னால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

சொன்னேன். அதற்குத்தான் வருகிறேன்.

அந்த ஆடி மாதம் மிஸ்திரி என் வண்டிக்குப் புது ரப்பர் போட்டுக் கொடுத்தார். பத்து நாள் கூட ஆகவில்லை. நிலம் அளக்கிற ஆபீசர் ஒருவரை ஆரணிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்விட்டுத் திரும்பும்போது கல்லில் அடிபட்டுக் கிளச் குழாயின் நட்டு தளர்ந்துவிட்டது. நட்டை இறுக்கிவிட்டேன். ஆனால் பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஆபீசருக்கு ரயில் பிடிக்க வேண்டும், இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை வாட்ச்சைப் பார்க்கிறார். ஆரணியில் பிரேக் ஆயிலுக்கு எங்கே போவது? ஒரு சைக்கிள் கடைதான் இருந்தது. செயினுக்குப் போடுகிற எண்ணெயை மூக்கு வைத்த டின்னில் கொடுத்தான். "எண்ணெதான நைனா, ஊத்து" என்றான். ஊற்றினேன். எந்த எண்ணெயை ஊற்றக் கூடாது என்று ஸ்டாண்டில் எல்லாருக்கும் பாடம் நடத்துகிறவன் நான். நானேதான் ஊற்றினேன்.

ஆபீசர் ரயிலைப் பிடித்தார். மறுநாள் காலை முதல் வேலையாகச் சரியான ஆயிலை வாங்கி, டப்பாவில் இருந்ததைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு நிரப்பினேன். தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்த எண்ணெயை ரப்பர் அதற்குள் குடித்துவிட்டது. நாலாம் நாள் எளாவூர் பக்கம் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. மிதி பாதியிலேயே நிற்கிறது.

எப்படியோ புதுவாயல் வந்து சேர்ந்தேன். பெஞ்சில் எங்கள் ஸ்டாண்ட் டிரைவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மிஸ்திரி சிலிண்டரைக் கழற்றி ரப்பரை உள்ளங்கையில் கொட்டினார். இட்லி மாதிரி ஊதியிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. அவர் வேலையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

"டிரைவரே, வேற எதுனா எண்ணெ ஊத்துனியா?"

பெஞ்சில் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பார்கள். அதோடு முடிந்திருக்கும்.

"இல்லியே. நான் எதுக்கு ஊத்தப் போறேன்?" என்றேன்.

மிஸ்திரி ரப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார். கழற்றிய சாமானைக் கழுவித் தருவது அவள் வேலை. இரும்புச் சாமானுக்கு ஒரு டின்னில் மண்ணெண்ணெய், ரப்பருக்கு இன்னொரு டின்னில் ஸ்பிரிட். மண்ணெண்ணெய் பட்டாலும் ரப்பர் இப்படித்தான் ஊதும். அது தெரிந்துதான் ஸ்பிரிட் டின்னின் கழுத்தில் அவளே ஒரு சிவப்புக் கயிறு கட்டி வைத்திருந்தாள்.

"அப்ப நீதான் கிருஷ்ணாயில்ல கழுவிட்ட."

"ஸ்பிரிட்டுலதான் கழுவுனேன்."

"ஸ்பிரிட்டுல கழுவுனா இப்டி ஊதுமா? ஏதோ நெனப்புல மாத்தி எடுத்திருப்ப."

"மாத்தல."

"நாலு பேரு முன்னாடி பேஜாரு பண்ணாத. செஞ்சது செஞ்சன்னு சொல்லிட்டுப் போ."

அவள் கழுவுகிற அலுமினியக் கிண்ணத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அங்கேயே உளறியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புது ரப்பர் போட்டார்கள். காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அமுக்கு என்றார், அமுக்கினாள். புடி என்றார். "புடிச்சிக்கினேன்" வரவில்லை. ஆனால் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். வுடு என்றார், விட்டாள். கடைசியில் "எப்டி கீது?" என்று கேட்டார். அவள் கதவுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டார். பதில் இல்லை. சரி என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டு நிப்பிளை இறுக்கிவிட்டு ஏறினார்.

அன்றிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கூப்பிட்டால் வந்து மிதித்தாள். ஒரு வேலையும் குறையவில்லை. வாய் மட்டும் மூடிக்கொண்டது. அவரும் முதலில் வீம்பாக இருந்தார். கொஞ்ச நாளில் அவரும் பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் மிச்சமிருந்தது மூன்று வார்த்தைகள்தான். அமுக்கு, புடி, வுடு. அதுவும் எந்தக் காருக்காவது ஏர் எடுக்க வேண்டியிருந்தால்தான். வண்டி வராத நாளில் அதுவும் இல்லை.

டிரைவர்களுக்கு முதலில் இது தமாஷாக இருந்தது. பிறகு தமாஷாக இல்லை. ஏனென்றால் சேறா வரப்பா என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதும் மிஸ்திரிக்கு வேலை பிடிபடவில்லை. பாட்டிலில் குமிழி நின்றால் முடிந்தது என்று அனுப்பிவிடுவார். பள்ளத்திலிருந்து ஏறி வந்து தானே மிதித்தும் பார்ப்பார். பூட்ஸ் போட்ட அவர் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. போன வண்டி இரண்டு நாளில் திரும்பி வந்தது. பொன்னேரி டாக்டர் ஒருவர் கார் நடுவழியில் நின்று, அவர் இனிமேல் இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். பெஞ்சில் கூட்டம் குறைந்தது. கிறிஸ்துமஸ் வந்து போனபோது, மிஸ்திரி ஷெட்டை மூடிவிடும் எண்ணத்தில் புதிதாக வரும் ஃபாக்டரி ஒன்றில் ஹெல்பர் வேலைக்கு மனு போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இருபது வருஷம் தன் கையால் ஸ்பானர் பிடித்தவர், யாருக்கோ ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மனு போடுகிறார். எல்லாம் என் ஒரு டின் சைக்கிள் எண்ணெயால்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் புதுவாயல் வழியாகப் போகும்போது நினைப்பேன். தினமும் கூட்டுரோட்டைத் தாண்டியதும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவேன். மாரிக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. என்னை நானே திட்டிக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

பொங்கல் கழித்து, புதிதாக வந்த ஒரு கம்பெனியின் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசர் என் டாக்சியில் ஏறினார். அவர்களிடம் என் வண்டி மாதிரியே எண்ணெய் கிளச் வைத்த நாலு கார் இருந்தது. "பக்கத்துல நல்ல மெக்கானிக் இருந்தா மொத்தமா அவர்ட்டயே குடுத்துடுவோம். இல்லேன்னா மெட்ராஸ்தான்" என்றார். நான் யோசிக்காமல் புதுவாயலுக்குத் திருப்பினேன். மறுநாள் ஒரு காரை அனுப்பி, கூடவே அவரும் வந்து, பெஞ்சில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துகொண்டார். அவரை ஏற்றி வந்தது நான்தான்.

மிஸ்திரி ரப்பரை மாற்றினார். அவள் காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அமுக்கு. புடி. வுடு. அமுக்கு. புடி. வுடு. வேறு ஒரு சத்தமும் இல்லை. ஆபீசர் என் பக்கம் சாய்ந்து, "ஏன், அந்தம்மா பேச மாட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பாட்டிலைப் பார்த்தேன். பாட்டிலில் குமிழி நின்றது. மிஸ்திரி நிப்பிளை மூடினார். இந்த ஒரு கார் திரும்பி வந்துவிட்டால் ஷெட் அவ்வளவுதான். அது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அமுக்கு" என்றார். அமுக்கினாள்.

"எப்டி கீது?"

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"எப்டி கீது, சொல்லேன்" என்றார் மறுபடி. அந்தக் குரலில் வீம்பு எதுவும் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. ஆறு மாதத்தில் அந்த மூன்று வார்த்தையைத் தாண்டி அவர் அவளிடம் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் கன்னம் இறுகியது. வாய் திறக்கவில்லை.

நான் எழுந்தேன். எழுந்ததுகூட எனக்குத் தெரியாது.

"மிஸ்திரி, அந்த ரப்பர் ஊதுனதுக்கு அக்கா காரணம் இல்ல. நான் சைக்கிள் எண்ணெ ஊத்துனேன். ஆரணில. நீ கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

ஆபீசர் என்னையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காருக்குக் கீழே ஸ்பானர் பிடித்த கை மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. கூட்டுரோட்டில் ஒரு பஸ் வந்து நின்று, ஆள் இறங்கி, கிளம்பிப் போனது.

"அப்ப அவ கிருஷ்ணாயில்ல கழுவல" என்றார் மிஸ்திரி.

"கழுவல."

"மாத்தலன்னு சொன்னா. சொல்லிக்கினே இருந்தா." பிறகு குரல் மேலே, காருக்குள் இருந்தவளைப் பார்த்து வந்தது. "உன்ன நம்பாம நாலு பேரு முன்னாடி பேசிட்டேன். தப்பு என்னுதுதான்."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கீழே விழவில்லை. முன் கண்ணாடிக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மட்டும் கிளச்சை அழுத்தியபடியே இருந்தது, விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய். கடைசியில் அவள்தான் பேசினாள்.

"வுடுன்னு சொல்லு. கால் மரத்துப்போவுது."

பள்ளத்தில் மிஸ்திரி சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. ஏதோ ஒரு சத்தம் வந்தது. பிறகு, "வுடு" என்றார். எடுத்தாள். காலை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி வைத்தாள்.

"அமுக்கு."

"புடி."

"புடிச்சிக்கினேன்."

"எப்டி கீது?"

"சேறு."

ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைக்க வாளித் தண்ணீருக்குப் போனேன். இன்னும் ஏழு தடவை அமுக்கி, பிடித்து, விட்ட பிறகு அவள் வரப்பு என்று சொன்னாள். அந்தக் கார் திரும்பி வரவில்லை. மற்ற மூன்றும்தான் வந்தன. ஃபாக்டரி மனுவை மிஸ்திரி என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

மிஸ்திரி என்னை மன்னித்துவிட்டார். ஒரு வாரம் கழித்துத் தோளில் கை போட்டு, "டிரைவரே, அடுத்த தபா விளக்கெண்ணெ ஊத்திப் பாரு" என்று கிண்டல் செய்தார். அவள் அப்படி இல்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் என் வண்டி ஷெட்டுக்குள் நுழைந்தால், அது டயர் பஞ்சராக இருந்தாலும் சரி, ஹாரன் வேலை செய்யாவிட்டாலும் சரி, முதல் காரியமாகப் பானெட்டைத் தூக்கச் சொல்வாள். கிளச் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி எடுப்பாள். குனிந்து மோந்து பார்ப்பாள். மூடியை மூடிவிட்டு, "இன்னா வேல?" என்று கேட்பாள். எத்தனை பேர் பெஞ்சில் இருந்தாலும் அவர்கள் முன்னால்தான் மோப்பாள். என்ன என்று யாராவது கேட்டால் சொல்லமாட்டாள். நானும் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படி ஆறேழு வருஷம். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. ஒரு தடவைகூட மோக்காமல் விட்டதும் இல்லை. முதலில் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகு பழகிவிட்டது. ஒரு கட்டத்தில், ஷெட்டுக்குப் போகிற வழியிலேயே வண்டியை ஓரம் கட்டி, மூடியைத் திறந்து நானே ஒருதடவை மோந்து பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் முதுகுவலி என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டது. வண்டியைப் பள்ளிப்பட்டுக்காரர் ஒருவருக்கு விற்றேன். எடுத்துப் போவதற்கு முன்னால் நல்ல மெக்கானிக்கிடம் ஒருதடவை காட்ட வேண்டும் என்றார். புதுவாயலுக்குக் கூட்டிப்போனேன். மிஸ்திரி வேறு வண்டிக்கு அடியில் இருந்தார். அவள் வந்தாள், கொஞ்சம் நரைத்திருந்தாள். பானெட்டைத் தூக்கச் சொன்னாள். வழக்கம்போல மூடியைத் திருகி, குனிந்து, நிதானமாக மோந்து பார்த்தாள். மூடியை மூடினாள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பள்ளிப்பட்டுக்காரரிடம் திரும்பினாள்.

"நம்பி வாங்கிக்கோ. இவரு கண்டதயும் ஊத்துற ஆளு இல்ல" என்றாள்.